மந்திரியின் விடையும் கிராமத்துப் பள்ளிக்கூடமும்

சட்டசபை கூடும் நாட்களில் கிராமத்துத் தேநீர்க் கடைகளில் பத்திரிகை பல கை மாறிக் கசங்கிவிடுகிறது. விலைவாசி பற்றிய விவாதத்தையும் கட்சிகளின் வாக்குவாதத்தையும் சிலர் படிக்கின்றனர். ஆனால் தங்கள் ஊரின் பெயர் அச்சில் வந்துவிட்டால் படிக்கத் தெரியாதவரும் அருகில் வந்து அமர்ந்து, “அதை மறுபடியும் வாசி” என்கின்றனர். தொகுதி அங்கத்தினர் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார். மந்திரி பதில் சொன்னார் என்ற இரண்டு வரிச் செய்தி ஊருக்கு அளிக்கும் மகிழ்ச்சி சாதாரணமானதன்று.

நாம் அறிந்த ஒரு வானம் பார்த்த பூமியில் இவ்வாறே நடந்தது. அங்குள்ள தொடக்கப் பள்ளியில் இரண்டு ஆசிரியர் இடங்கள் உண்டு. ஒன்று காலியாகி நெடுநாளாகிவிட்டது. ஐந்து வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே ஆசிரியை ஒரே அறையில் வைத்துக் கற்பித்து வந்தார். சத்துணவுக் கூடத்தின் ஓடுகள் பெயர்ந்திருந்தமையால், மழை நாளில் விறகு நனைந்து, பகல் ஒரு மணிச் சோறு மூன்று மணிக்கு வந்தது. தொகுதி அங்கத்தினர் இவ்விஷயத்தைச் சட்டசபையில் எழுப்பினார். “இது சர்க்காரின் பரிசீலனையில் இருந்து வருகிறது” என்று மந்திரி விடையளித்தார். ஊரார் வெடி வெடிக்காத குறைதான்.

அடுத்த மழைக்காலமும் வந்தது. ஓடுகள் மாறவில்லை, ஆசிரியரும் வரவில்லை. பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவர் மேலே உள்ள ஓர் அலுவலகத்துக்குச் சென்று, “மந்திரி சட்டசபையில் சொன்னது என்னவாயிற்று?” என்று வினவினார். அங்கிருந்த எழுத்தர் கோபிக்கவில்லை, ஏளனமும் செய்யவில்லை. “எந்தத் தேதியில் சொன்னார்? கேள்வியின் எண் என்ன?” என்று மட்டும் கேட்டார். இவ்விரண்டும் ஊரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பத்திரிகைத் துண்டும் பலகாரம் கட்டிக் கொடுத்த காகிதத்தோடு போய்விட்டது.

இந்த நிகழ்ச்சியே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. மந்திரியின் விடை எங்கிருந்து வருகிறது, எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பவற்றைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் அவசியமாகிறது.

கேள்வி கேட்கும் உரிமை வந்த வழி

ஆள்வோரை நோக்கிக் கேள்வி கேட்கும் உரிமை நம் நாட்டில் ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில், 1892ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகவே சட்டசபை அங்கத்தினர்கள் கேள்வி கேட்கும் உரிமையை முதன்முதலாகப் பெற்றனர். அப்போதும் கேட்டுவிட்டு அமர்ந்துவிட வேண்டும். பதிலைப் பற்றி மேற்கொண்டு ஒரு சொல்லும் பேச இயலாது. 1909ஆம் ஆண்டுச் சட்டம் துணைக் கேள்விக்கு இடமளித்தது. ஆயினும் மூலக் கேள்வியைக் கேட்டவர் மட்டுமே துணைக் கேள்வியும் கேட்கலாம் என்று வரையறுத்தது. 1919ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரே எந்த அங்கத்தினரும் எழுந்து துணைக் கேள்வி கேட்கும் நிலை உண்டாயிற்று.

இவ்வுரிமையின்படி இந்தியச் சட்டசபையில் எழுந்த முதற்கேள்வி எதைப் பற்றியது என்பதை அறிந்தால் வாசகர்கள் வியப்படைவர். 1893ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் தேதி, பிங்கா சமஸ்தானத்து ராஜா அக்கேள்வியைக் கேட்டார். உத்தியோகஸ்தர்கள் சுற்றுப்பயணம் வந்து முகாம் போடும்போது, அவர்களுக்குப் பண்டங்கள் கொடுக்க வேண்டியிருந்த கிராமத்துக் கடைக்காரர்கள் படும் துன்பத்தைப் பற்றியது அது. ராஜா ஒருவர் முதலில் வாய் திறந்து கேட்டது பெட்டிக் கடைக்காரருக்காக! கேள்வி நேரம் பிறந்ததே கிராமத்தின் குறையைச் சொல்லத்தான் என்று நாம் உரிமை கொண்டாடினால் அதில் தவறில்லை.

சென்னை ராஜதானியில் 1920ஆம் ஆண்டு இறுதியில் நடந்த தேர்தலை அடுத்து, கல்வி இலாகா மந்திரிகளின் பொறுப்பில் வந்தது. போலீசும் நிதியும் கவர்னரின் ஆலோசகர்கள் வசமே இருந்தன. கல்வி, சுகாதாரம், ஸ்தல ஸ்தாபனம் ஆகியவை சட்டசபைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட மந்திரிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. எனவே பள்ளிக்கூடத்தைப் பற்றி மந்திரியைக் கேட்கும் வழக்கம் நம் பக்கத்தில் ஒரு நூற்றாண்டைக் கடந்துவிட்டது.

பதிலுக்குக் கனம் உண்டா?

“கேட்பதும் சொல்வதும் சடங்குதானே” என்று சலித்துக்கொள்வோர் உண்டு. அவர்களுக்கு 1953, 1954ஆம் ஆண்டுகளை நினைவூட்டலாம். கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோருடன் தொழில் பழக வேண்டும் என்ற புதிய கல்வித் திட்டம் 1953இல் ராஜாஜி மந்திரிசபையால் கொண்டுவரப்பட்டது. பிள்ளை தந்தையின் தொழிலையே பற்றிக்கொண்டு கிடக்க வேண்டுமா என்ற வினா சட்டசபைக்கு உள்ளும் புறமும் எழுந்தது. கேள்விகளும் தீர்மானங்களும் விவாதங்களும் தொடர்ந்தன. திட்டத்தை ஆராய நிபுணர் குழு ஒன்று நியமிக்கப்பட்டது. 1954 ஏப்ரலில் காமராஜ் முதல் மந்திரியானார். கல்வி இலாகாவை சி. சுப்பிரமணியம் ஏற்றார். அதே ஆண்டு மே 18ஆம் தேதி, அத்திட்டம் கைவிடப்படுவதாக அவர் அறிவித்தார். ஒரு சர்க்காரின் கல்விக் கொள்கை ஓர் ஆண்டுக்குள் திரும்பிச் சென்றதற்குக் கேள்விகள் மட்டுமே காரணமென்று நாம் சொல்ல வரவில்லை. கேள்விகள் இல்லாதிருந்தால் அது அவ்வளவு விரைவில் நடந்திருக்குமா என்பதே ஐயம்.

மதிய உணவின் கதையும் அத்தகையதே. 1920ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் தேதி, பிட்டி தியாகராயர் தலைவராயிருந்த சென்னைக் கார்ப்பரேஷன், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி அளிக்க அனுமதி தந்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படலாகாது என்பது நிபந்தனை. 1925இல் அது நின்றுபோயிற்று. ராஜ்யம் முழுவதற்குமான மதிய உணவுத் திட்டம் 1956இல் காமராஜ் ஆட்சியில் தொடங்கிற்று. அப்போது பணம் எங்கிருந்து வரும் என்பதே முதற்கேள்வி. சர்க்கார் ஒரு பகுதியும் உள்ளூரார் ஒரு பகுதியும் தருவது என்று ஏற்பாடாயிற்று. களத்து மேட்டிலேயே மரக்கால் நெல்லை அளந்து பள்ளிக்கென ஒதுக்கிய விவசாயிகளை முதியோர் இன்றும் நினைவுகூர்வர்.

1982ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி, திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்த பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் கிராமப்புறத்தில் 2 வயது முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு என்றிருந்தது, அதே ஆண்டில் நகரங்களுக்கும், 1984இல் 15 வயது வரையிலும் விரிந்தது. 2001 நவம்பர் 28ஆம் தேதி, சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில், இந்தியா முழுவதிலும் சர்க்கார் தொடக்கப் பள்ளிகளிலும் சர்க்கார் உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவே அளிக்கப்பட வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒரு வேளை உணவில் குறைந்தது 300 கலோரியும், 8 முதல் 12 கிராம் வரை புரதமும் இருக்க வேண்டும் என்றும் அளவு விதித்தது. 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்டு 25 முதல் தமிழ்நாட்டின் சர்க்கார் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவிற்று. 2024 ஜூலை 15ஆம் தேதி கிராமப்புறத்து உதவி பெறும் பள்ளிகளும் அதில் சேர்க்கப்பட்டன.

இவ்விரிவுகளுக்கிடையே எழுந்த கேள்விகளைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். ‘சோறு போட வேண்டுமா’ என்பது முதலில் கேள்வி. பின்பு ‘எத்தனை பிள்ளைகளுக்கு’ என்றாயிற்று. இன்றோ, ‘பருப்பு எத்தனை கிராம், முட்டை வந்ததா, சமையலர் இடம் காலியா’ என்று கேட்கும் காலம். கேள்வி நுணுகுந்தோறும் அதைக் கேட்கத் தகுந்தவர் கிராமத்தில் இருப்பவரே ஆகிறார். பருப்பைத் தலைநகரிலிருந்து நிறுத்துப் பார்க்க முடியாதன்றோ?

கேள்வி இறங்கி வரும் பாதை

கேள்விகள் பல வகைப்படும். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு மந்திரி சபையில் எழுந்து வாய்மொழியாக விடை கூறுவார்; அதன்மீது துணைக் கேள்விகள் கேட்கலாம். குறியிடாத கேள்விக்கு எழுத்து மூலம் விடை வரும். துணைக் கேள்வி கிடையாது. அவசர விஷயமாயின் குறுகிய அறிவிப்புக் கேள்வி என ஒன்றுண்டு. பாராளுமன்றத்தில் மக்கள் சபை ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்விகளையும் 230 குறியிடாத கேள்விகளையும் ஏற்கிறது. ஆனால் கேள்வி நேரம் ஒரு மணி மட்டுமே. இருபதில் சிலவே வாய்மொழி விடை பெறுகின்றன. எஞ்சியவற்றின் விடை எழுத்தில் வைக்கப்படுகிறது. தமிழ்நாட்டுச் சட்டசபையிலும் இவ்வகைகள் உண்டு. 2022 ஜனவரி முதல் அச்சபையின் கேள்வி நேரம் நேரடியாக ஒளிபரப்பப்படவும் தொடங்கிற்று.

நட்சத்திரக் கேள்வியே உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று பலர் எண்ணுகின்றனர். நம் கருத்து வேறு. ஜில்லாவில் எத்தனை ஓராசிரியர் பள்ளிகள் உள்ளன, எத்தனை சத்துணவுக் கூடங்கள் பழுதாகியுள்ளன என்பன போன்ற கணக்குகளுக்குக் குறியிடாத கேள்வியே ஏற்றது. அது ஒரு பட்டியலைப் பெற்றுத் தரும். பட்டியலில் ஊரின் பெயர் விடுபட்டிருந்தால், அதுவே அடுத்த கேள்விக்கு வித்தாகும்.

கேள்வி சட்டசபைச் செயலகத்தை அடைந்தபின் என்ன நிகழ்கிறது என்பது கிராமத்தாருக்கு மிகவும் பயன்படும் செய்தி. அது துறைச் செயலாளருக்குச் செல்லும். அவரிடமிருந்து இயக்குநருக்கும், அங்கிருந்து ஜில்லாவின் முதன்மைக் கல்வி அலுவலருக்கும், அவர் வழியாக வட்டாரக் கல்வி அலுவலருக்கும் இறங்கும். முடிவில் தலைமையாசிரியரின் மேசைக்கே வந்து சேரும். சத்துணவைப் பற்றியதாயின், கலெக்டர் அலுவலகத்துச் சத்துணவுப் பிரிவு வழியாக வட்டார வளர்ச்சி அலுவலருக்கும், அவரிடமிருந்து சத்துணவு அமைப்பாளருக்கும் வரும். பள்ளியில் சேகரித்த விவரமே படிப்படியாக மேலேறி மந்திரியின் வாயிலிருந்து விடையாக வெளிப்படுகிறது.

ஆகவே மந்திரியின் விடை பெரும்பாலும் நம் ஊரில் எழுதப்பட்டதே. நம் பள்ளியின் பதிவேடு சரியாக இருந்தால் விடையும் சரியாக இருக்கும். வருகைப் பதிவில் இல்லாத பிள்ளைகளைச் சேர்த்து எழுதியிருந்தால், ‘பிள்ளைகள் போதும், குறையொன்றும் இல்லை’ என்று விடை வரும். பள்ளியிலிருந்து ஆண்டுதோறும் அனுப்பப்படும் யூடைஸ் விவரத் தொகுப்பில், ‘குடிநீர் உண்டு’ என்று எழுதிவிட்டுக் குழாயில் காற்று வருகிறதென்று முறையிடுவதில் பயன் இல்லை. மந்திரி குழாயைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. படிவத்தைப் பார்த்தே சொல்கிறார். கேள்வி கீழே இறங்கி வருவதாலேயே சில வேளைகளில் பலன் கிட்டிவிடுவதும் உண்டு. ‘சட்டசபைக் கேள்வி, உடன் விவரம் தருக’ என்று தாள் வந்தபின், பல மாதங்களாகத் திறவாத கழிப்பறையின் பூட்டு அன்று மாலையே திறக்கப்பட்டதை நாம் கண்டிருக்கிறோம்.

விடைகளைப் படிக்கும் முறை

நம் சட்டசபைக் கேள்விகளில் அடிக்கடி வருவது ‘அரசு ஆவன செய்யுமா?’ என்ற முடிவு. கேட்பதற்கு அழகான சொற்றொடர். ஆனால் அதற்குரிய விடையும் அதே அளவு அழகாகவும் அதே அளவு வெறுமையாகவும் அமைந்துவிடக் கூடும். ‘ஆவன செய்யப்படும்’ என்றால் என்ன செய்யப்படும், எப்போது, எந்தப் பணத்தில்?

வேறொரு விடை, ‘தற்போது கருத்துரு ஏதும் இல்லை’ என்பது. இதைக் கேட்டுக் கிராமத்தார் மனம் உடைந்துவிடுகின்றனர். மந்திரி மறுத்துவிட்டார் என்று முடிவு செய்கின்றனர். அது மறுப்பன்று என்பதை அழுத்திக் கூற விரும்புகிறோம். கருத்துரு என்பது கீழேயிருந்து உரிய அலுவலர் வழியாக அனுப்பப்படும் எழுத்து மூலமான யோசனை. எத்தனை பிள்ளைகள், அருகிலுள்ள பள்ளி எவ்வளவு தூரம், இடம் உண்டா, எவ்வளவு செலவாகும் என்ற விவரங்களோடு அது வர வேண்டும். அது வரவில்லை என்பதைத்தான் மந்திரி சொல்கிறார். குறை எங்கே இருக்கிறது என்று அவர் நமக்குக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்றே கொள்ள வேண்டும். அன்று மாலையே பள்ளி மேலாண்மைக் குழு கூடித் தீர்மானம் எழுதினால், அடுத்த கூட்டத் தொடரில் அதே விடையைச் சொல்ல முடியாது.

‘தனிக் கேள்வி கொடுத்தால் விடை தரப்படும்’ என்பது மற்றொன்று. துணைக் கேள்வி மூலக் கேள்வியை விட்டு விலகிப் போனால் இவ்விடை வரும். இது பெரும்பாலும் கேட்டவரின் பிழை. மூலக் கேள்வி ஆசிரியரைப் பற்றியிருக்க, துணைக் கேள்வி சாலைக்குப் போனால் மந்திரி என்ன செய்வார்?

‘நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’ என்ற விடை மிகவும் பழையது. நேர்மையான சந்தர்ப்பங்களும் இதில் உண்டு. பணம் இல்லாதபோது இல்லையென்று சொல்வதில் குற்றமில்லை. ஆனால் காலியிடத்துக்கு ஆசிரியரை அனுப்புவது புதுச்செலவன்று. ஏற்கெனவே மஞ்சூரான இடத்துக்கு ஆளனுப்புவதே. எனவே கேள்வியிலேயே ‘அனுமதிக்கப்பட்ட இடம்’ என்ற சொல் இருந்தால் இந்த விடைக்கு வழி அடைபடும்.

‘பரிசீலனையில் உள்ளது’, ‘விவரம் சேகரிக்கப்பட்டு வருகிறது’, ‘கவனிக்கிறேன்’ போன்ற விடைகளே நம் கதையின் மையம். இவற்றைக் காற்றில் விட்ட சொற்கள் என்று எண்ணற்க. இத்தகைய சொற்கள் உறுதிமொழியாகக் கருதப்படும் மரபு உண்டு. மந்திரிகள் சபையில் தரும் உறுதிமொழிகள் நிறைவேறினவா என்று பார்ப்பதற்கென்றே மக்கள் சபையில் 1953 டிசம்பர் 1ஆம் தேதி ஒரு குழு அமைக்கப்பட்டது. அங்கு ஓர் உறுதிமொழி மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றப்பட வேண்டும். இயலாவிடில் துறையினர் காரணம் கூறி அவகாசம் கேட்க வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டசபையிலும் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. அது ஜில்லாக்களுக்கு நேரில் வந்து, எந்த வேலை முடிந்தது, எது கிடக்கிறது என்று பார்வையிடுவதும் உண்டு. மனுக்கள் குழு என்ற பிறிதொரு குழு பொது மக்களிடமிருந்தே மனுப் பெற்று விசாரிக்கிறது.

எழுத்தர் ஏன் தேதியையும் எண்ணையும் கேட்டார் என்பது இப்போது விளங்கும். மந்திரி சொன்ன ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற சொல் சட்டசபை நடவடிக்கைக் குறிப்பில் பத்திரமாக இருந்தது. அதைத் திறக்கும் சாவிதான் ஊராரிடம் இல்லை.

எதை எவரிடம் கேட்பது?

ஒரே பள்ளி வளாகத்துக்குள் பல இலாகாக்கள் குடியிருக்கின்றன. ஆசிரியர் பள்ளிக் கல்வித்துறையைச் சேர்ந்தவர். சத்துணவும் அங்கன்வாடியும் காலை உணவும் சமூக நலத்துறையின் பொறுப்பு. காலை உணவைக் கிராமங்களில் மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைக்கின்றனர். ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் கட்டடத்தில் ஊரக வளர்ச்சித் துறைக்கும் பங்குண்டு. குடிநீரோ பெரும்பாலும் நம் பஞ்சாயத்தின் கையிலேயே இருக்கிறது. ஓடு ஒழுகுவதைக் கல்வி மந்திரியிடம் கேட்டால் கேள்வி துறை மாறி அலைந்து காலம் கழியும். நம் கதையில் வரும் ஊரிலும் ஆசிரியர், ஓடு என்ற இரண்டையும் ஒரே கேள்வியில் கட்டியதால்தான் தெளிவான விடை எதற்கும் வரவில்லை.

1976ஆம் ஆண்டு 42ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் கல்வி பொதுப் பட்டியலுக்குச் சென்றது. ஆகையால் சட்டசபை அங்கத்தினரைப் போலவே பாராளுமன்ற அங்கத்தினரிடமும் கல்வி பற்றிய குறையைக் கொண்டுசெல்லலாம். ஆனால் ஒரு தனிப்பட்ட பள்ளியின் ஆசிரியர் இடத்தைப் பற்றி டெல்லியில் கேட்பதில் பொருளில்லை. மத்திய சர்க்கார் பணம் ஜில்லாவுக்கு எவ்வளவு வந்தது என்பது போன்றவற்றுக்கே அவ்விடம் ஏற்றது.

சட்டம் நம் பக்கம் இருக்கும் இடத்தை அறிந்து கேட்டால் கேள்வியின் கனம் பலமடங்காகும். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர் வேண்டும். 61 முதல் 90 வரை மூவர். 91 முதல் 120 வரை நால்வர். அதே சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவையும் வகுத்துள்ளது. அதில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும்; உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் அதில் இடமுண்டு. பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதும் கடமையும் இக்குழுவினுடையதே. கையொப்பமிடும் குழுவாக மட்டும் இதை வைத்திருக்கும் ஊர்கள் பல என்பதை வருத்தத்துடன் குறிப்பிடுகிறோம்.

நிற்க. கேள்வியின் உருவத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். அதில் வாதம் கூடாது, தனிப்பட்டவரைத் தூற்றலாகாது, மந்திரியின் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்கலாகாது, கோர்ட்டில் நிலுவையிலுள்ள விஷயமும் ஆகாது. ‘எங்கள் ஊர்ப் பள்ளி பாழாய்ப் போகிறதே, சர்க்கார் தூங்குகிறதா?’ என்று தொகுதி அங்கத்தினரிடம் எழுதித் தந்தால் அவரால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய இயலாது. பின்வருமாறு எழுதித் தரலாம்:

‘இன்ன ஒன்றியம், இன்ன ஊராட்சியிலுள்ள தொடக்கப் பள்ளியில் (யூடைஸ் எண் இன்னது) அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் இடங்கள் எத்தனை? அவற்றுள் எத்தனை எந்தத் தேதி முதல் காலியாக உள்ளன? 43 பிள்ளைகள் பயிலும் அப்பள்ளிக்குக் கல்வி உரிமைச் சட்டப்படி இரண்டாம் ஆசிரியர் எந்தத் தேதிக்குள் நியமிக்கப்படுவார்?’

பதினொரு இலக்க யூடைஸ் எண்ணைச் சேர்ப்பது சிறு விஷயமாகத் தோன்றலாம். ஒரே பெயரில் பல ஊர்களுள்ள நம் நாட்டில், புதூரைக் கேட்டால் வேறு புதூருக்குப் பதில் வந்த கதைகள் உண்டு.

கேட்பதற்குமுன் விவரம் கைக்கு வேண்டுமாயின், 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி விண்ணப்பித்து 30 நாளில் பெறலாம். கிராம சபையிலும் பள்ளி விவரத்தை வைத்துத் தீர்மானம் நிறைவேற்றலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரு நாட்களும் 2022 முதல் சேர்ந்துள்ளன. தீர்மானத்தின் நகலோடு சென்று கேட்கும்போது, தொகுதி அங்கத்தினருக்கும் அது ஒருவரின் மனக்குறை அன்று, ஊரின் குரல் என்பது விளங்கும்.

மீண்டும் அந்த ஊர்

எழுத்தரிடமிருந்து வெறுங்கையுடன் திரும்பிய அங்கத்தினர் சோர்ந்துவிடவில்லை. தொகுதி அங்கத்தினரின் உதவியால் பழைய கேள்வியின் எண்ணையும் தேதியையும் தேடிப் பெற்றார். இம்முறை ஆசிரியரைப் பற்றி ஒரு கேள்வி, சத்துணவுக் கூடத்தைப் பற்றி ஒரு கேள்வி என இரண்டாகப் பிரித்தெழுதினர். பள்ளி மேலாண்மைக் குழுவின் தாய்மார்கள் மழை பெய்த நாட்களையும், அன்று சோறு வந்த நேரத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருந்தனர். அதன் நகல் மனுவோடு சென்றது. பழைய விடையின் எண்ணைக் காட்டி, ‘இந்தப் பரிசீலனை முடிந்ததா?’ என்றும் வினவப்பட்டது.

சத்துணவுக் கூடத்துக்கு விடை விரைவில் வந்தது. பழுது பார்க்கப் பணம் ஒதுக்கப்பட்டது. அவ்வாண்டு ஐப்பசி மழைக்குமுன் கூரை மாற்றப்பட்டுவிட்டது. ஆசிரியர் விஷயத்தில், அடுத்த கலந்தாய்வில் இடம் நிரப்பப்படும் என்று எழுத்து மூலம் விடை வந்தது. முதலில் மாற்றுப் பணியில் ஓர் ஆசிரியர் வாரத்தில் மூன்று நாள் வந்தார். மூன்று நாளும் வகுப்புகள் இரண்டாகப் பிரிந்து நடந்தன. மற்ற நாட்களில் பழையபடி ஒரே அறைதான்.

அவ்வூர்ப் பஞ்சாயத்து அலுவலகத்து அலமாரியில் இன்று ஒரு நீண்ட பதிவேடு இருக்கிறது. கேள்வி எண், தேதி, மந்திரியின் விடை, நடந்தது என்ன என்று நான்கு கட்டங்கள் கோடிட்டிருக்கின்றனர். நாம் சென்று பார்த்தபோது ஏழு வரிகள் நிரம்பியிருந்தன. கூரையின் வரிக்கு எதிரே வேலை முடிந்த தேதி சிவப்பு மையில் எழுதப்பட்டிருந்தது. இரண்டாம் ஆசிரியருக்குரிய வரியில் நான்காவது கட்டம் இன்னும் வெறுமையாகவே இருந்தது. அதன் ஓரத்தில் அடுத்த கூட்டத் தொடர் தொடங்கும் மாதத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தனர்.